பேத்தி எழுதிய வரலாறு

1981 ஆகஸ்டில், யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், ஜோசப் ஸ்மித் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தொடங்கிய மார்மன் சபையின் சமயக் கல்வி ஆசிரியர்கள் கூடியிருந்த அரங்கில், அச்சபையின் பன்னிருவர் குழு உறுப்பினரான பாய்ட் கே. பேக்கர் ஓர் உரை நிகழ்த்தினார். உண்மையான சில விஷயங்கள் அவ்வளவு பயனுள்ளவை அல்ல என்று அதில் அவர் சொன்னார். சபையின் வரலாற்றை எழுதுகிறவர்களும் கற்பிக்கிறவர்களும், உண்மை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் கொட்டிவிடத் துடிக்கக் கூடாது, கேட்பவரின் விசுவாசம் அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும் என்பது அந்த உரையின் சாரம். அப்போது சபையின் வரலாற்றுத் துறையில் நடந்துகொண்டிருந்ததை அறிந்த எவருக்கும் அந்த வார்த்தைகள் யாரை நோக்கி வீசப்பட்டவை என்பது விளங்காமல் இருந்திருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மதத் தலைவர் ஒருவர் வரலாற்றாசிரியனுக்குப் பாடம் எடுப்பதில் புதுமை எதுவும் இல்லை. எல்லா மதங்களிலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார் என்று கடந்து போயிருக்கலாம். ஆனால் எரிச்சல் அடங்கிய பிறகும் அந்த வாக்கியம் அடங்கவில்லை. காரணம், மார்மன் வரலாற்றைப் பற்றிய சிறந்த ஆய்வுகளைத் தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை விசுவாசிகளின் பெயர்கள். பேக்கர் எச்சரித்தது இவர்களைத்தான். இவர்கள் உண்மையை எழுதியதும் சபைக்குள் இருந்துகொண்டேதான். விசுவாசம் ஒரு வரலாற்றாசிரியரின் கையைக் கட்டிப்போடும் என்று பொதுவாக நம்புகிறோம். இங்கே கட்டப்பட்ட கைகள்தான் நிறைய எழுதியிருக்கின்றன. அது எப்படி என்பது என்னை விடாமல் துரத்திய கேள்வி.

நான் மார்மன் அல்லன். அச்சபையோடு எனக்கு எந்த உறவும் இல்லை. அச்சகமும் செய்தித்தாளும் நீதிமன்றப் பதிவேடும் அடமானப் பத்திரமும் புழங்கிய ஒரு காலத்தில் ஒரு மதம் பிறந்தால், அதன் புனித வரலாற்றுக்கு என்ன நேரும் என்ற ஆர்வத்தில் உள்ளே போனவன். மற்ற பழைய மதங்களின் தோற்றுவாய்கள் காலத்தின் மூட்டத்தில் மறைந்துவிட்டன. இங்கேயோ, சபையின் வேதநூலான மார்மன் புத்தகம் 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் 5,000 பிரதிகள் அடிக்கப்பட்டது என்பதும், அச்சுக்கூலியான 3,000 டாலருக்கு மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் பண்ணையை ஈடுகாட்டினார் என்பதும் ஆவணமாக இருக்கின்றன.

பதிவு செய்யும் கட்டளை

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1830 ஏப்ரல் 6 அன்று சபை முறைப்படி நிறுவப்பட்டபோது, ஜோசப் ஸ்மித் வழியாக வந்ததாக அவர்கள் ஏற்கும் வெளிப்பாடு, உங்களிடையே ஒரு பதிவேடு எழுதி வைக்கப்பட வேண்டும் என்றே தொடங்குகிறது. அன்றுமுதல் அந்த மக்கள் எழுதினார்கள். வண்டிகளில் மேற்கே போகும்போது எழுதினார்கள், பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்து எழுதினார்கள், கணவனுக்கு இன்னொரு மனைவி வந்த நாளன்றும் எழுதினார்கள். நாட்குறிப்பு அவர்களுக்கு ஒரு சமயக் கடமை. ஆகவே, இந்தச் சபைக்குச் சங்கடம் தரும் சான்றுகளில் கணிசமானவை எதிரிகள் புனைந்தவை அல்ல. விசுவாசிகள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து எழுதி வைத்தவை. எழுதச் சொன்ன சபை, எழுதியதைக் கண்டு பிற்காலத்தில் அஞ்சியது என்பதே மார்மன் வரலாற்றெழுத்தின் மையச் சிக்கல் என்று நினைக்கிறேன்.

அந்த அச்சத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் 1832ஆம் ஆண்டுக்குரிய ஒரு பேரேட்டின் படிமத்தைப் பார்க்கலாம். தனக்கு இளம்வயதில் கிடைத்த இறைக்காட்சியைப் பற்றி ஜோசப் ஸ்மித் எழுதிய முதல் வடிவம் அதன் தொடக்க ஏடுகளில் இருக்கிறது. அதன் ஒரு பகுதி அவருடைய சொந்தக் கையெழுத்து. புள்ளியோ நிறுத்தமோ இல்லாமல், எழுத்துப் பிழைகளோடு, பாவமன்னிப்புக்கு ஏங்கும் ஒரு சிறுவனின் குரல் அதில் ஒலிக்கிறது. ஆண்டவர் தோன்றித் தன் பாவங்களை மன்னித்ததாக அது சொல்கிறது. 1838இல் தொடங்கிய பிற்கால வடிவத்தில் பிதாவும் குமாரனும் இரு தனித்தனி உருவங்களாகத் தோன்றுகிறார்கள். சபை உலகெங்கும் பரப்பியது அதைத்தான். 1832 வடிவம் இருந்த மூன்று ஏடுகளும் இருபதாம் நூற்றாண்டில் எப்போதோ அந்தப் பேரேட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. 1965இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் முதுகலை ஆய்வேட்டின் வழியாகத்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. வெட்டிய ஏடுகளின் ஓரமும் பேரேட்டில் எஞ்சிய அடிக்கட்டையின் ஓரமும் ஒன்றோடொன்று பொருந்துவதை வைத்துத்தான் அவை அங்கே இருந்தவை என்று ஜோசப் ஸ்மித் ஆவணங்களின் பதிப்பாசிரியர்கள் நிறுவுகிறார்கள். இரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிதா சிறிதா என்று விசுவாசிகளும் விமர்சகர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வேறுபாட்டைவிடக் கத்தி பட்ட இடம்தான் அதிகம் பேசுகிறது.

பங்கர்வில்லின் ஆசிரியை

இந்தப் பின்னணியில்தான் வனீட்டா புரூக்ஸ் எனக்கு முக்கியமாகிறார். 1898இல் நெவாடா மாநிலத்தின் பங்கர்வில் என்ற சிறிய மார்மன் கிராமத்தில் பிறந்தவர். திருமணமாகி ஓராண்டு கடந்த சிறிது காலத்திலேயே கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அதன் பிறகு படித்துக் கல்லூரி ஆசிரியை ஆனார். பின்னர் செயின்ட் ஜார்ஜ் நகரில் நான்கு மகன்களோடு இருந்த வில் புரூக்ஸ் என்பவரை மணந்துகொண்டார். சபையின் பெண்கள் அமைப்பில் பொறுப்பு வகித்தவர், பிரார்த்தனையும் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையும் தவறாதவர். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர்.

அவர் இருபதுகளின் தொடக்கத்தில் கிராமப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, நீஃபை ஜான்சன் என்ற முதியவர் அவரிடம் வந்தார். தன் கண்கள் பார்த்தவற்றைத் தன் நாக்கு இதுவரை சொன்னதில்லை என்றும், சாவதற்குள் அவற்றை எழுதி வைத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பள்ளி முடியட்டும், பிறகு வருகிறேன் என்று இவர் தள்ளிப்போட்டார். 1919இல் இவர் போய்ச் சேர்ந்தபோது கிழவர் மரணப் படுக்கையில் நினைவு தவறிக் கிடந்தார்; இடையிடையே அவர் வாயிலிருந்து வந்தது "ரத்தம்! ரத்தம்!" என்ற அலறல்தான். அந்த மனிதர் 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற மலைப் புல்வெளியில் இருந்தவர் என்பது புரூக்ஸுக்கு அதன் பிறகே தெரிய வந்தது.

அங்கே நடந்தது இதுதான். 1857இல் அமெரிக்க அதிபர் புக்கானன் யூட்டாவுக்குப் படை அனுப்பியிருந்தார். மிசூரியிலிருந்து விரட்டப்பட்டு, இல்லினாயில் தங்கள் தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தைப் பறிகொடுத்து, மலைகளைத் தாண்டி வந்து குடியேறிய மக்கள் மீண்டும் ஒரு போர் வருகிறது என்று நடுங்கிக் கிடந்த நேரம். ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடும்பங்களோடும் மாட்டுமந்தையோடும் போன ஒரு வண்டிக்கூட்டம் அந்தப் புல்வெளியில் தங்கியது. செப்டம்பர் 7 அன்று தாக்குதல் தொடங்கியது. முற்றுகை பல நாள் நீடித்தது. 11ஆம் தேதி உள்ளூர் மார்மன் தலைவர்களில் ஒருவரான ஜான் டி. லீ வெள்ளைக்கொடியோடு உள்ளே போய், ஆயுதங்களை ஒப்படைத்தால் பத்திரமாக அழைத்துப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு மார்மன் படைக்காவலர் நடந்தார். ஓரிடத்தில் நிற்கச் சொல்லி, கடமையைச் செய்யுங்கள் என்று கட்டளை பிறந்தது. ஏறத்தாழ 120 பேர் கொல்லப்பட்டார்கள்; விவரம் தெரியாத வயதுடைய 17 குழந்தைகள் மட்டும் விட்டுவைக்கப்பட்டார்கள். பழி பாயூட் பழங்குடியினர் மீது போடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1877 மார்ச்சில், லீ ஒருவர் மட்டும் அதே புல்வெளிக்குக் கொண்டுவரப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் விசாரணையில் நடுவர்கள் உடன்படவில்லை. இரண்டாவது விசாரணையில் முழுக்க மார்மன்களே அமர்ந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது.

அந்நாளில் தென் யூட்டாவில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அந்தப் பேசாப் பொருளைத்தான் புரூக்ஸ் கையில் எடுத்தார். அவருக்கு ஆவணங்கள் கிடைத்த விதம் கவனிக்கத் தக்கது. 1930களில் அரசின் வேலைத் திட்டத்தின் கீழ் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிப் படியெடுக்கும் பணியை அவர் மேற்பார்த்தார். 1940களில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்துக்காக அதே வேலையைத் தொடர்ந்தார். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் குறிப்பேட்டை எடுத்துக் கொடுக்க, எந்தக் குடும்பமும் வெளியூர்ப் பேராசிரியருக்கு இசைந்திருக்காது. புரூக்ஸ் பிறந்தது லெவிட் குடும்பத்தில்; அப்பகுதியின் தொடக்கக் குடியேறிகளில் ஒருவரான டட்லி லெவிட்டின் பேத்தி என்றால் கதை வேறு. வீட்டு வேலைகளுக்கு நடுவே தட்டச்சு செய்துகொண்டிருந்த அவர், பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தால் இஸ்திரி போட வேண்டிய துணிகளைத் தட்டச்சுப்பொறியின் மேல் அள்ளிப் போட்டு மூடிவிடுவாராம். பொறுப்பான குடும்பத்தலைவி பட்டப்பகலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது ஊர் வாய்க்கு அவல். எழுதிய பொருள் தெரிந்திருந்தால் அவல் மட்டும் போதியிருக்காது.

சபைத் தலைமையகத்தில் கண்கண்ட சாட்சிகளின் வாக்குமூலங்கள் சில இருப்பதை அறிந்து அவற்றைக் காட்டும்படி கேட்டார், கிடைக்கவில்லை. இல்லாததை இல்லாமலேயே எழுதி, 1950இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக நூலை வெளியிட்டார். லீ பலிகடா ஆக்கப்பட்டார், கட்டளை உள்ளூர்ப் படைத் தலைமையிலிருந்து வந்தது, அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங் கொலைக்கு ஆணையிடவில்லை, ஆனால் நடந்ததை அறிந்த பின் அதை மறைத்ததன் மூலம் குற்றத்துக்குத் துணைபோனார் என்பவை அவர் வந்தடைந்த முடிவுகள். விசுவாசியான ஒரு பெண், தன் சபையின் இரண்டாம் தீர்க்கதரிசியைப் பற்றி, விசுவாசிகளின் ஆவணங்களிலிருந்தே இப்படி எழுதினார். சபை அவரை நீக்கவும் இல்லை, அவருக்குப் பதில் சொல்லவும் இல்லை. பாராமுகமாக இருந்துவிட்டது.

1961

இதுவரை சொன்னதில் துணிவு இருக்கிறது. ஆனால் என் மனத்தில் முள்ளாக நிற்பது அடுத்து நடந்தது. லீயின் வழித்தோன்றல்கள் பல ஆண்டுகள் விண்ணப்பித்ததன் பயனாக, 1961 ஏப்ரல் 20 அன்று சபையின் தலைமையும் பன்னிருவர் குழுவும் கூடி, 1870இல் நீக்கப்பட்ட ஜான் டி. லீக்கு உறுப்புரிமையையும் முன்பிருந்த ஆசீர்வாதங்களையும் திருப்பி அளிக்க அனுமதித்தன. குடும்பத்தாரிடம் இதைப் பகிரங்கப்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அந்த வேளையில் புரூக்ஸ் லீயின் வாழ்க்கை வரலாற்றை முடிக்கும் நிலையில் இருந்தார். செய்தி அவருக்கும் எட்டியது. நூலில் சேர்க்கக் கூடாது என்ற வேண்டுகோளும் எட்டியது. வெளியிட்டால், அப்போதைய சபைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே அந்த முடிவையே திரும்பப் பெற்றுவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் வந்தது. லீயின் குடும்பத்தார் பதறினார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு நிறுவனத்தின் வழக்கமான மிரட்டலாகத் தோன்றலாம். செத்து எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆன ஒருவரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் புரூக்ஸ் வெளியிலிருந்து பார்ப்பவர் அல்லர். மார்மன் நம்பிக்கையின்படி, கோவிலில் முத்திரையிடப்பட்ட குடும்பம் மறுமையிலும் குடும்பமாகவே இருக்கும். சபை நீக்கம் செய்யப்பட்டவருக்கு அந்தப் பிணைப்பு அற்றுப்போகும். லீக்கு மனைவியர் பலர், பிள்ளைகள் ஐம்பதுக்கும் மேல். அந்த வம்சம் மூன்று தலைமுறைகளாகக் காத்திருந்தது ஒரு கௌரவத்துக்காக அன்று. தான் பல ஆண்டுகள் உழைத்து எந்த மனிதருக்காக நியாயம் கேட்டாரோ, அதே மனிதரின் மீட்சி தன் நூலின் ஒரு பத்தியால் பறிபோகக்கூடும் என்ற நிலையில் புரூக்ஸ் நின்றார். அந்த மீட்சியை அவரே நம்பவும் செய்தார். இறைநம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர் எவருக்கும் இத்தகைய நெருக்கடி வந்திருக்க முடியாது. அவர் தன் வேலையையோ நட்பையோ இழக்கலாம், இன்னொருவரின் மறுமையைப் பணயம் வைக்க அவரிடம் எதுவும் இருக்காது.

புரூக்ஸ் வெளியிட்டார். 1962இல் வந்த படுகொலை நூலின் இரண்டாம் பதிப்பிலும் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைச் சேர்த்தார். மெக்கே முடிவைத் திரும்பப் பெறவில்லை.

இந்த முடிவை வீரம் என்று மட்டும் பாராட்டிவிட என்னால் இயலவில்லை. அந்தக் குடும்பத்தின் இடத்தில் நின்று பார்த்தால் இது கொடுமையாகக்கூடத் தெரிகிறது. சபை வாக்குத் தவறாது என்று அவர் கணித்திருக்கலாம். கடவுளின் கணக்கு ஓர் அலுவலக முடிவால் மாறாது என்று நம்பியிருக்கலாம். என் வாசிப்பில் இரண்டாவதுதான் அவருடைய இயல்புக்குப் பொருந்துகிறது. பேக்கர் பின்னாளில் சொன்ன வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறொன்றாகத் தெரிகிறது. உண்மை விசுவாசத்தைக் குலைக்கும் என்று பேக்கர் அஞ்சினார். புரூக்ஸின் விசுவாசமோ உண்மையை வெளியிட அஞ்சாத அளவுக்கு உறுதியாக இருந்தது. இருவரும் ஒரே சபையில், ஒரே நூல்களை ஓதியவர்கள்.

தங்கியவரும் போனவரும்

புரூக்ஸுக்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1945இல், ஃபான் பிரோடி ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அமெரிக்க வாசகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அவர் டேவிட் ஓ. மெக்கேயின் அண்ணன் தம்பி வழியில் மகள் முறை. மறு ஆண்டே சபையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் மனத்தளவில் வெளியேறிவிட்டவர். நடையில் பிரோடியை புரூக்ஸ் எட்டவே முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஜோசப் ஸ்மித் அறிந்தே ஏமாற்றியவராகத் தொடங்கினார் என்ற பிரோடியின் கருத்தை புரூக்ஸ் ஏற்கவில்லை. டேல் மார்கன் என்ற வரலாற்றாய்வாளர் இருவருக்கும் நண்பர், இருவரோடும் ஓயாமல் கடிதம் எழுதியவர். அவர் பிரோடியின் பக்கம் சாய்ந்தவர் என்றாலும் புரூக்ஸின் எதிர்வாதத்தை மதித்தார். காது கேளாத மார்கனுக்குக் கடிதம்தான் உரையாடல் என்பதால், இன்று நமக்கு அந்த விவாதம் எழுத்தில் எஞ்சியிருக்கிறது.

உள்ளே தங்குவதே ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. டி. மைக்கேல் க்வின் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆழ்ந்த விசுவாசி. 1890இல் சபை பலதார மணத்தை நிறுத்துவதாகப் பிரகடனம் செய்த பிறகும், தலைவர்கள் சிலரின் ஒப்புதலோடு அத்தகைய திருமணங்கள் 1904 வரை நடந்தன என்பதை 1985இல் பெயர், தேதி, இடம் வாரியாக நிறுவினார். 1988இல் வேலையை விட்டார்; 1993 செப்டம்பரில் ஒரே மாதத்தில் தண்டிக்கப்பட்ட ஆறு அறிவுஜீவிகளில் ஒருவராகச் சபை நீக்கம் செய்யப்பட்டார். 2021இல் இறக்கும்வரை தன்னை விசுவாசி என்றே சொல்லிக்கொண்டார். புரூக்ஸ் 1989இல் சபை உறுப்பினராகவே இறந்தார். ஏன் இந்த வேறுபாடு? புரூக்ஸ் எழுதியது ஒரு தொலைதூரப் புல்வெளியில் நடந்த பழைய குற்றத்தை. க்வின் எழுதியது, தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர்கள் பொதுவெளியில் ஒன்றும் மறைவில் ஒன்றும் சொன்னதை. முதலாவதற்கு வருத்தம் தெரிவித்தால் போதும், 2007இல் தெரிவிக்கவும் செய்தார்கள். இரண்டாவதோ இன்று பேசுகிறவரின் சொல்லையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

மையின் விரிசல்

1972இல் லெனார்ட் ஆரிங்டன் சபையின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தொழில்முறை ஆய்வாளர் அவர். பத்தாண்டுகள் காப்பகத்தின் கதவு திறந்திருந்தது. 1982இல் அவர் ஓசையின்றி விடுவிக்கப்பட்டார், அவருடைய குழு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. கதவு மறுபடி ஒருக்களித்தது. பழைய ஆவணங்களை விற்றுவந்த மார்க் ஹாஃப்மன் கொழுத்தது அந்த ஆண்டுகளில்தான்.

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துப் பழைய மையைத் தானே காய்ச்சி, பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்தெடுத்து, மார்மன் தொடக்க கால ஆவணங்களை அவர் உற்பத்தி செய்தார். மார்மன் புத்தகத்தின் மூலம் என்று விசுவாசிகள் நம்பும் தங்கத் தகடுகளை ஜோசப் ஸ்மித்துக்குக் கொடுக்க வந்தது தேவதூதன் அல்ல, பல்லி போன்ற உயிரியான சாலமாண்டர், அதுவும் வெள்ளை நிறத்தில் ஒன்று என்று மார்ட்டின் ஹாரிஸ் எழுதியதாக ஒரு கடிதம் 1984இல் புழக்கத்துக்கு வந்தபோது, தேர்ந்த ஆய்வாளர்களே அதற்கு விளக்கம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சபை மறைத்து வைத்திருக்கும், வெளியே தெரிந்தால் சங்கடம் என்று எல்லோரும் நம்பியதையே ஹாஃப்மன் எழுதி விற்றார். பூட்டிய காப்பகம் அவருக்குத் தயாராக ஒரு சந்தையை உருவாக்கி வைத்திருந்தது. 1985 அக்டோபரில், குட்டு வெளிப்படும் நிலையில், அவர் வைத்த குண்டுகள் சால்ட் லேக் சிட்டியில் இருவரைக் கொன்றன. ஆவணங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த தடயவியல் ஆய்வாளர்கள், செயற்கையாக முதுமை ஏற்றப்பட்ட மையின் மேற்பரப்பு முதலைத் தோலைப்போல் வெடித்திருப்பதைக் கண்டார்கள். அதே காலத்து அசல் ஆவணங்களில் அந்த வெடிப்பு இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் ஜெரால்ட் டானர். சபையை விட்டு வெளியேறி, அதை அம்பலப்படுத்துவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். மனைவி சாண்ட்ராவோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சிட்டவர். சாலமாண்டர் கடிதம் உண்மையானால் அவருக்குக் கரும்பு தின்னக் கூலி. ஆனால் அதன் வாசகங்கள் 1834இல் அச்சான ஒரு மார்மன் எதிர்ப்பு நூலின் வாசகங்களோடு சந்தேகத்துக்கிடமாக ஒத்துப்போகின்றன என்று 1984இலேயே பகிரங்கமாக எழுதியவர் அவர்தான். விசுவாசியான புரூக்ஸும் விரோதியான டானரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இருவரும் தங்கள் தரப்புக்கு ஆதாயமில்லாததை எழுதினார்கள். ஓர் ஆய்வாளரை நம்பலாமா என்று யோசிக்கும்போது அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதை இப்போது நான் பார்ப்பதில்லை. அவர் எழுதியவற்றில் அவருக்கே கசக்கும் வரி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுகிறேன்.

பேத்தி கேட்காத கேள்வி

புரூக்ஸையும் அப்படித் தேடித்தான் பார்க்க வேண்டும். பிரிகாம் யங்கை அவர் பாதி காப்பாற்றினார் என்பது பழைய குற்றச்சாட்டு. 2002இல் வரலாற்றாசிரியர் வில் பாக்லி அதை வலுவாக முன்வைத்தார். 1857 செப்டம்பர் 1 அன்று யங் பழங்குடித் தலைவர்களைச் சந்தித்து, தெற்குப் பாதையில் போன கால்நடைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் டிமிக் ஹண்டிங்டனின் நாட்குறிப்பு சொல்கிறது. பாக்லியின் வாதத்தின் அச்சாணி அது. மறுபக்கம், தென் யூட்டாவின் சீடர் சிட்டியிலிருந்து அறிவுரை கேட்டுக் குதிரையில் வந்த தூதுவரிடம் செப்டம்பர் 10 அன்று யங் கொடுத்தனுப்பிய கடிதம், அந்தப் பயணிகள் விஷயத்தில் தலையிடாதீர்கள் என்கிறது. பழங்குடியினர் தங்கள் விருப்பப்படி நடந்துகொள்வார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்தது கொலை நடந்து இரண்டு நாள் கழித்து. 2008இல் ரொனால்ட் வாக்கர், ரிச்சர்ட் டர்லி, க்ளென் லெனார்ட் ஆகிய மூவரும் சபையின் காப்பகம் முழுவதையும் பார்த்து எழுதி ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வழியாக வெளியிட்ட நூல், கட்டளை உள்ளூரிலிருந்தே வந்தது என்ற புரூக்ஸின் முடிவை உறுதி செய்தது. புரூக்ஸுக்கு மறுக்கப்பட்ட வாக்குமூலங்களும் 2009இல் அச்சாகிவிட்டன. அவற்றைப் பார்த்த பிறகும் யங் பற்றிய அவருடைய தீர்ப்பு பெரும்பாலும் நிற்கிறது என்றே நினைக்கிறேன். விசுவாசம் அவர் கையை வளைத்திருந்தால், அது இந்த இடத்தில் அல்ல.

வளைந்தது பாயூட் மக்களைப் பற்றி எழுதிய இடத்தில். முதல் தாக்குதலை அவர்கள் நடத்தினார்கள், கொலையில் பெரும் பங்கு வகித்தார்கள், வெள்ளையர் பின்வாங்கினால் தங்கள் மீதே திரும்பிவிடுவார்கள் என்ற அச்சமும் குடியேறிகளை உந்தியது என்று புரூக்ஸின் நூல் சொல்கிறது. 2008 நூலின்படி, திட்டமிட்டுப் பாயூட்டுகளைத் தூண்டி அழைத்து வந்தவர்கள் குடியேறிகளே. தங்கள் முன்னோர் அன்று மலைச்சரிவில் நின்று பார்த்தார்களே தவிர, கொலையை நடத்தியவர்கள் அல்லர் என்று பாயூட் மக்களின் வாய்மொழி மரபு தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறது. புரூக்ஸின் மூலங்கள் எல்லாம் மார்மன் பரண்களிலிருந்து இறங்கியவை. கொலையில் கையை நனைத்தவர்கள் பிற்காலத்தில் தம் நாட்குறிப்பிலும் வாக்குமூலத்திலும் பழியை எந்தப் பக்கம் நகர்த்தியிருப்பார்கள் என்பது ஊகிக்க முடியாததல்ல. லீயைப் பலிகடா ஆக்கிய மனப்பாங்கை அத்தனை கூர்மையாகக் கண்ட அவர், அதே மனப்பாங்கு இன்னொரு மக்கள் கூட்டத்தின் மீது வேலை செய்ததை அதே கூர்மையோடு பார்க்கவில்லை. டட்லி லெவிட்டின் மனைவியருள் ஒருவர் பழங்குடிப் பெண். பாயூட் குடும்பங்கள் செயின்ட் ஜார்ஜுக்கு அருகிலேயே, சிவிட்ஸ் என்ற ஒதுக்கிடத்தில் வாழ்ந்தன. அவர்களிடம் டிரங்குப் பெட்டி இல்லை. அந்தப் படுகொலையைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு 1950ஆம் ஆண்டு நூலில் இடமும் இல்லை.